யாருடைய ஆண்டுகள்?

தமிழில் மூப்பு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, உடல் முதிர்வது. மற்றொன்று, வரிசையில் முன்னால் நிற்பது. ஆண்களுக்கு இவை இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். வயது ஏற ஏற மரியாதையும் ஏறும். பெண்ணுக்கு அப்படியில்லை. தெய்வ உலகத்திலேயே மூத்தவளுக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். ஸ்ரீதேவிக்கு அக்காள் என்பதால் அவள் மூத்த தேவி. அதுதான் மூதேவி ஆயிற்று. பல்லவர் காலக் கோயில்களில் சேட்டை என்ற பெயரோடு சிற்பமாக அமர்ந்திருப்பவள், இன்று விடிந்தும் எழாத பெண்பிள்ளையைத் திட்டும் சொல்லாக மட்டும் வீடுகளில் மிஞ்சியிருக்கிறாள். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் முதலில் சிரிப்பார்கள். பிறகு யாராவது ஒருத்தி, "அப்ப மூத்தவரைத் திட்டுறதுக்கு ஒரு சொல் இல்லையா மேடம்?" என்று கேட்பாள். நல்ல கேள்வி.

இந்த இரண்டு பொருளும் முட்டிக்கொள்ளும் தொழில் ஒன்று உண்டு. விமானத்துக்குள் வேலை செய்யும் பெண்களின் தொழில். அங்கே முதல் மூப்பு நெடுங்காலம் குற்றமாக இருந்தது. இரண்டாவது மூப்பு ஒன்றுதான் அந்தப் பெண்கள் சேர்த்துவைக்கக்கூடிய சொத்தாக இருந்தது. இரண்டு விமான நிறுவனங்கள் ஒன்றாக இணையும்போது அந்தச் சொத்து என்ன ஆகிறது? செய்தித்தாளின் வணிகப் பக்கத்தில் போகவேண்டிய விஷயம் போலத் தோன்றும். எனக்கு அது அறம் பற்றிய கேள்வியாகவே படுகிறது.

சொல்லைப் பற்றி இன்னொன்று. விமானத்தை ஓட்டுபவரை விமானி என்கிறோம். உள்ளே இருப்பவரை விமானப் பணிப்பெண் என்கிறோம். பணிப்பெண் என்றதும் அரசிக்குக் கவரி வீசும் சேடிதான் கண்முன் வருகிறாள். ஆபத்து என்றால் தொண்ணூறு விநாடிக்குள் எல்லோரையும் வெளியேற்றப் பயிற்சி பெற்றவரை இப்படி அழைப்பதை எப்போது நிறுத்துவோமோ தெரியாது. நான் கேபின் பணியாளர் என்றே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் கேபின் பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருக்கிறது. பணிமூப்புப் பட்டியலில் அவருடைய இடம். வேலையில் சேர்ந்த தேதியை வைத்து வருவது. எந்த ஊரில் தங்கி வேலை பார்ப்பது, எந்தத் தடத்தில் பறப்பது, கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் இருப்பதா வானத்தில் இருப்பதா, குழந்தையின் பள்ளி விடுமுறையில் லீவு கிடைக்குமா, எல்லாவற்றையும் அந்த எண்தான் தீர்மானிக்கும். மாதாமாதம் பறப்பு அட்டவணைகளைப் போட்டு விருப்பம் கேட்பார்கள். மூத்தவர் முதலில் எடுத்துக்கொள்வார், மிஞ்சியது இளையவருக்கு. எண் மிகக் கீழே இருந்தால் அட்டவணையே கிடையாது. தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டும். அதற்கு ரிசர்வ் என்று பெயர். ஆட்குறைப்பு வந்தால் பட்டியலின் அடியிலிருந்து வெட்டிக்கொண்டே மேலே வருவார்கள்.

வேறு வேலையில் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர் இன்னொரு நிறுவனத்துக்குப் போனால் அனுபவத்தைக் காட்டிப் பேரம் பேசலாம். கேபின் பணியாளரால் முடியாது. இன்னொரு விமான நிறுவனத்துக்குப் போனால் மறுபடியும் பட்டியலின் அடியில்தான் தொடங்க வேண்டும். அவருடைய ஆண்டுகளுக்கு மதிப்பு உண்டு. அந்த நிறுவனத்தின் வாசலுக்குள் மட்டும். செல்லாத நாட்டில் கையிலிருக்கும் பணம் போல.

பெண்கள் இந்த ஆண்டுகளைச் சேர்க்கத் தொடங்கியதே தாமதமாகத்தான். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1953-இல் ஒரு விதி கொண்டுவந்தது: புதிதாகச் சேரும் பெண்களுக்கு 32 வயதில் பறப்பு முடிந்துவிடும். திருமணம் செய்துகொண்டால் வேலை போகும் என்ற விதி பல நிறுவனங்களில் இருந்தது. கர்ப்பம் என்றால் சொல்லவே வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டு பறந்துவிட்டுப் போய்விட வேண்டும் என்பதுதான் அந்த வேலையின் வடிவமைப்பு. நிறுவனத்துக்கு என்றும் இளமையும் கிடைத்தது, என்றும் தொடக்கநிலைச் சம்பளமும் கிடைத்தது. 1964-இன் குடிசார் உரிமைகள் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் வழக்காடி, 1960-களின் இறுதியிலும் 70-களிலும் இந்த விதிகளை ஒவ்வொன்றாக உடைத்தார்கள். ஆக, 1970-ஐ ஒட்டி வேலையில் சேர்ந்த பெண்கள்தான் அந்தத் தொழிலில் முதிர்ந்து, முப்பது ஆண்டு பணிமூப்பைக் கையில் வைத்திருந்த முதல் பெரிய தலைமுறை. அந்தத் தலைமுறையின் கையிலிருந்து அது எப்படிப் போயிற்று என்பதற்கு டிரான்ஸ் வேர்ல்டு ஏர்லைன்ஸின் கதையைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

1980-களின் நடுவில் அந்த நிறுவனம் கார்ல் ஐகான் என்ற முதலீட்டாளரின் கைக்குப் போயிற்று. அவர் கேபின் பணியாளர்களிடம் ஊதியத்தில் பெரிய வெட்டையும் கூடுதல் வேலை நேரத்தையும் கேட்டார். பெண்கள் குடும்பத்துக்குச் சோறு போடுபவர்கள் அல்லர் என்ற தொனியில் அவர் பேசியதாகத் தொழிற்சங்கத் தலைவர்கள் குற்றம் சாட்டினார்கள். 1986 மார்ச்சில் வேலைநிறுத்தம் தொடங்கியது. நிறுவனம் புதிய ஆட்களை எடுத்தது. சிலர் வேலைநிறுத்தத்தை விட்டு உள்ளே போனார்கள். மே மாதத்தில் சங்கம் நிபந்தனையின்றி வேலைக்குத் திரும்புவதாகச் சொன்னபோது திரும்புவதற்கு இடம் இல்லை. உள்ளே போன இளையவர்களை விலக்கிவிட்டு, மூத்த வேலைநிறுத்தக்காரர்களுக்கு இடம் கொடுக்க வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை என்று 1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போராடியவர்கள் இடம் காலியாகக் காலியாக ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

அந்த நிறுவனம் பின்னர் இருமுறை திவாலாகி மீண்டது. மூன்றாம் முறை 2001-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதை வாங்கியது. விமானங்கள் போயின, வாயில்கள் போயின, தடங்கள் போயின. பெண்களும் போனார்கள். அவர்களுடைய ஆண்டுகள்தான் பாதி வழியில் நின்றன. அமெரிக்கனின் கேபின் பணியாளர் சங்கமும் நிறுவனமும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, சம்பளத்துக்கும் விடுமுறைக்கும் பழைய ஆண்டுகள் கணக்கில் வந்தன. பட்டியலில் இடத்துக்கு வரவில்லை. டிரான்ஸ் வேர்ல்டிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அமெரிக்கன் பட்டியலின் அடியில் வைக்கப்பட்டார்கள். ஒரு பட்டியலுக்குக் கீழே இன்னொரு பட்டியலை வைத்து ஸ்டேப்ளர் அடிப்பதுபோல. அந்தத் தொழிலில் இதற்குப் பெயரே ஸ்டேப்பிள் செய்வது என்பதுதான். முப்பது ஆண்டு பறந்தவர், இணைப்புக்குச் சற்றுமுன் அமெரிக்கனில் பயிற்சி முடித்த பெண்ணுக்குக் கீழே போனார்.

சில மாதங்களில் செப்டம்பர் 11. விமானத் தொழில் சரிந்தது. ஆட்குறைப்பு அடியிலிருந்து தொடங்கியது. 2003-இன் நடுப்பகுதிக்குள் டிரான்ஸ் வேர்ல்டிலிருந்து வந்த ஏறத்தாழ 4,000 பேரும், அனேகமாக ஒருவர் மிச்சமில்லாமல், வேலையிழந்தார்கள். மீண்டும் ஆள் எடுத்தால் இவர்களை அழைக்க வேண்டும் என்ற உரிமை இருந்தது. அதற்கும் காலக்கெடு உண்டு. கெடு முடிந்தால் உரிமையும் முடியும்.

இதை நிறுவனம் மட்டும் செய்திருந்தால் இந்தக் கட்டுரை எளிதாக இருந்திருக்கும். ஆனால் பட்டியலை அப்படிப் போடச் சம்மதித்தது ஒரு தொழிற்சங்கம். உறுப்பினர்களில் பெரும்பான்மை பெண்கள். அடியில் வைக்கப்பட்டவர்களிலும் பெரும்பான்மை பெண்கள். இந்த இடத்தில் நம் ஊர் நாக்கு தானாகவே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடும்: பெண்ணுக்குப் பெண்ணே எதிரி. தொலைக்காட்சித் தொடர்கள் வாழ்வதே அந்த வாக்கியத்தில்தான். மாமியார் மருமகள் சண்டையில் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று அந்தத் தொடர்கள் கேட்பதேயில்லை. இங்கேயும் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். இரண்டு கூட்டத்தையும் ஒரே ஏணியில் ஏற்றியது யார்? அந்த ஏணியில் மேலே இருந்தால்தான் மனித வாழ்க்கை, கீழே இருந்தால் தொலைபேசிக்கு அருகில் தவம் என்று ஆக்கியது யார்? பண்டிகை நாளில் யார் வீட்டில் இருப்பது என்ற சண்டையை ஊழியர்களிடம் கொடுத்துவிட்டு நிர்வாகம் ஒதுங்கி நிற்கலாம். எந்தப் பெண் வென்றாலும் அதற்கு ஒன்றுதான்.

இது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. சங்கத்துக்கு அதிகாரம் இருந்தது, அதைப் பயன்படுத்தியது. பெண்கள் கையில் இருந்தது என்பதால் அதிகாரத்தின் கணக்கைக் கேட்காமல் விடுவது பெண்ணியம் ஆகாது. ஆகவே அமெரிக்கன் பெண்களின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வோம்.

அவர்கள் சொல்லக்கூடியது இதுதான். எங்கள் எண்ணை நம்பி நாங்கள் வாழ்க்கையைத் திட்டமிட்டோம். எந்த ஆண்டில் இரண்டாவது குழந்தை, எந்த ஆண்டில் தாயைப் பார்த்துக்கொள்ளச் சொந்த ஊர்ப் பக்கம் மாற்றம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். உங்கள் நிறுவனம் மூழ்கிக்கொண்டிருந்தது. எங்கள் நிறுவனம் வாங்கியிருக்காவிட்டால் உங்களுக்கு எண்ணும் இல்லை, வேலையும் இல்லை. நீங்கள் இழந்தது எதை? இல்லாமல் போகவிருந்த ஒன்றை. எங்களிடம் கேட்பது எதை? எங்களிடம் இருக்கும் ஒன்றை.

இந்த வாதத்தின் முதல் பாதி என்னை அசைக்கிறது. எதிர்பார்ப்பும் ஓர் உடைமைதான், குறிப்பாக வேறு உடைமை இல்லாதவர்களுக்கு. 2003-இல் டிரான்ஸ் வேர்ல்டு பெண்களின் ஆண்டுகளை முழுதாக எண்ணியிருந்தால், அவர்களுக்குப் பதில் அமெரிக்கனின் இளம் பெண்கள் ஆயிரக்கணக்கில் வெளியே போயிருப்பார்கள். அவர்களிலும் தனித்து நின்று குழந்தை வளர்த்தவர்கள் இருந்திருப்பார்கள். யாருக்கும் வலிக்காத பட்டியல் என்று ஒன்று இல்லை.

இரண்டாம் பாதிதான் நிற்கவில்லை. மூழ்கும் கப்பலிலிருந்து வந்தவள் என்பது ஓர் ஊழியரின் தகுதிக் குறைவாக எப்படி ஆகும்? கப்பலை ஓட்டை போட்டது அவளா? 1991-இல் டிரான்ஸ் வேர்ல்டு தன்னுடைய மிகச் சிறந்த சொத்துகளில் ஒன்றை, லண்டன் ஹீத்ரோவுக்குப் பறக்கும் தடங்களை, 44.5 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியது யார் தெரியுமா? அமெரிக்கன் ஏர்லைன்ஸ். மூழ்கிய கப்பலின் தேக்குப் பலகைகள் பத்தாண்டுக்கு முன்பே இந்த வீட்டின் கூரையில் ஏறிவிட்டன. அந்தக் கூரையின் கீழ் நின்றுகொண்டு உன் வீட்டில் என்ன இருந்தது என்று கேட்பது சரியில்லை. அந்தத் தடங்களைச் சிறப்பாக்கிய உழைப்பில் அந்தப் பெண்களின் பங்கும் உண்டு. தடத்துக்கு விலை இருந்தது, பங்குக்கு இல்லை.

பூஜ்யத்துக்கும் முழுமைக்கும் நடுவே எத்தனையோ இடம் இருக்கிறது. விகிதப்படி இரு பட்டியலையும் பின்னலாம். சில ஊர்களில் சில ஆண்டுகளுக்குப் பழைய வரிசையைக் காப்பாற்றலாம். ஆட்குறைப்புக்கு மட்டும் வேறு கணக்கு வைக்கலாம். இழப்பைப் பங்கிட வழி இருக்கும்போது முழு இழப்பையும் ஒரே கூட்டத்தின் தலையில் இறக்குவதைத்தான் அநியாயம் என்கிறேன். புகுந்த வீட்டில் கடைசி மருமகளாகச் சமையலறை வாசலில் நிற்பவளிடம், உன் பிறந்த வீட்டுப் பெருமை இங்கே செல்லாது என்று சொல்வதை நாம் மூன்று தலைமுறையாகக் கதையிலும் கவிதையிலும் எழுதிவந்திருக்கிறோம். பெண்கள் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்பு அதே வாக்கியத்தை ஒப்பந்த மொழியில் எழுதும்போது நமக்கு உறைக்க வேண்டும்.

டிரான்ஸ் வேர்ல்டின் தளம் மிசௌரி மாநிலத்தில் இருந்தது. அந்த மாநிலத்தின் செனட்டர்கள் கிளேர் மெக்காஸ்கில், கிட் பாண்ட் இருவரும், ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி, கொண்டுவந்த சட்டம் 2007 டிசம்பரில் நிறைவேறியது. இணைப்பின்போது பணிமூப்புப் பட்டியல்களை நியாயமாகவும் சமநீதியோடும் சேர்க்க வேண்டும், ஒத்துவராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்கிறது அது. எது நியாயம் என்று சட்டம் சொல்லவில்லை. ஒருவர் இல்லாதபோது அவருடைய இடத்தை இன்னொருவர் முடிவு செய்யக்கூடாது என்ற அளவில் நின்றது. அதுவே பெரிய காரியம்தான். 4,000 பேருக்கு அது தாமதமாக வந்தது.

எனக்கும் இதில் ஒரு சிறு ஒட்டுதல் உண்டு. ஒரு கல்லூரியில் ஆறு ஆண்டு தொகுப்பூதியத்தில் பாடம் நடத்தினேன். பிறகு வேறிடத்தில் நிரந்தரப் பணிக்கு வந்தபோது, முந்தைய பணிக்காலத்தைக் கணக்கில் கொள்ள இயலாது என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. அந்த ஆறு ஆண்டில் நான் சங்க இலக்கியம் நடத்திய பெண்களில் சிலர் இன்று பேராசிரியைகள். அந்த ஆண்டுகள் நடந்தன என்பதற்கு அவர்கள்தான் சாட்சி. இதைப் படிக்கும் கௌரவ விரைவுரையாளர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆண்டுகளைப் போலவே இணைப்பில் கரையக்கூடிய இன்னொன்று குரல். 2008-இல் டெல்டா நிறுவனம் நார்த்வெஸ்ட்டோடு இணைந்தது. நார்த்வெஸ்ட் கேபின் பணியாளர்களுக்குப் பல பத்தாண்டுகளாகச் சங்கம் இருந்தது. டெல்டாவில் இல்லை, டெல்டாவில் ஆட்களும் அதிகம். ஏறத்தாழ 20,000 பேர் கொண்ட புதிய கூட்டத்தில் சங்கம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. 2010 நவம்பரில் முடிவு வந்தது. மிகக் குறுகிய வித்தியாசத்தில் சங்கம் தோற்றது. நார்த்வெஸ்ட் பெண்கள் யாரும் தங்கள் சங்கத்தை வேண்டாம் என்று கலைத்துவிடவில்லை. பெரிய எண்ணிக்கைக்குள் அது கரைந்துபோயிற்று.

இதற்கு ஒரு பதில் உண்டு. டெல்டா சம்பளத்தில் மோசம் செய்யவில்லையே என்பார்கள். உண்மைதான். பயணிகள் ஏறும் நேரத்துக்கும் ஊதியம் தருவதாக 2022-இல் பெரிய அமெரிக்க நிறுவனங்களில் முதலில் அறிவித்தது டெல்டாதான். அதுவரை விமானத்தின் கதவு மூடும் வரை பெட்டிகளைத் தூக்கிவைத்த நேரத்துக்குச் சம்பளக் கணக்கு ஓடவே இல்லை. பாதி விகிதம்தான் என்றாலும் முதலில் தந்தது அவர்கள். அப்போது அங்கே கேபின் பணியாளர்களைச் சங்கத்தில் சேர்க்கும் இயக்கமும் நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கொடைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை நம் இலக்கியம் நன்றாக அறியும். வள்ளலின் வாசலில் நின்ற பாணனுக்கு யானையே கிடைத்திருக்கலாம். அடுத்த ஆண்டும் கிடைக்குமா என்று அவன் கேட்க முடியாது.

குரல் இருந்தாலும் இணைப்பு எளிதில்லை. யுனைடெட் நிறுவனமும் கான்டினென்டலும் 2010-இல் இணைந்தன. விமானங்களில் ஒரே பெயர் எழுதினார்கள். உள்ளே இருந்த பெண்கள் வெவ்வேறு ஒப்பந்தத்தின் கீழ், வெவ்வேறு விமானங்களில், ஒருவரோடு ஒருவர் சேர்ந்து பறக்க முடியாதபடி இருந்தார்கள். பொது ஒப்பந்தம் 2016-இல்தான் ஏற்கப்பட்டது. சேர்ந்து பறக்கத் தொடங்கியது 2018 அக்டோபரில். பெயர்ப்பலகைக்கு ஒரு நாள், மனிதர்களுக்கு எட்டு ஆண்டு.

பட்டியல்களைப் பற்றிப் படிக்கப் படிக்க நம்முடைய உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று மனத்தில் வந்துகொண்டேயிருந்தது. 1981, ஏர் இந்தியா எதிர் நர்கீஸ் மீர்சா. அப்போதைய ஏர் இந்தியா விதிப்படி ஏர் ஹோஸ்டஸ் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும். வேலையில் சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் திருமணம் செய்தாலோ, முதல் கர்ப்பத்திலோ அதற்கு முன்பே போய்விட வேண்டும். நிர்வாக இயக்குநர் மனம் வைத்தால் 45 வரை நீடிக்கலாம். அதே கேபினில் வேலை செய்த ஆண்களுக்கு ஓய்வு வயது 58. கர்ப்ப விதியையும் இயக்குநரின் மனத்தை நம்பிய விதியையும் நீதிமன்றம் நீக்கியது. நான்கு ஆண்டுத் திருமண விதியை நியாயம் என்று வைத்துக்கொண்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு விதி ஏன் என்று கேட்டதற்கு அது சொன்ன பதில், அவர்கள் இரு தனிப் பிரிவினர் என்பது. தனிப் பட்டியல் ஆகையால் ஒப்பிட முடியாது. பட்டியலை இரண்டாகப் பிரித்தது நிர்வாகம். பிரிந்திருப்பதே பிரிவினைக்குக் காரணமாகவும் ஆயிற்று. அமெரிக்காவில் இரண்டு பட்டியலை ஒட்டியபோது பெண்கள் இழந்தார்கள், இங்கே ஒரு விமானத்தை இரண்டு பட்டியலாகப் பிரித்தபோது இழந்தார்கள்.

2003-இல் இன்னொரு வழக்கு. பெண்களுக்கு 50 வயதோடு பறப்பு முடியும் என்பதை எதிர்த்துப் பெண்கள் மும்பை உயர் நீதிமன்றத்தில் வென்றிருந்தார்கள். மேல்முறையீட்டில் பெண்களுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர்களில் ஒருவர் ஏர் இந்தியா கேபின் பணியாளர் சங்கம். உச்ச நீதிமன்றத்தில் அந்தப் பக்கம் வென்றது. சங்கத்தோடு முன்பு செய்துகொண்ட உடன்பாடுகளும் அதற்கு ஆதாரமாயின. உங்கள் சங்கம் கையெழுத்திட்டதுதானே என்ற வாதத்துக்குப் பதில் சொல்வது கடினம். பெண்கள் விமானத்துக்குள் மேற்பார்வையாளராக இருக்கலாம் என்ற முடிவை ஆண் ஊழியர்கள் எதிர்த்துத் தொடுத்த வழக்கு 2011 நவம்பரில்தான் தோற்றது.

சமீபத்திய இணைப்புகள் தனியார் கையில் நடந்தவை. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடா குழுமத்துக்குப் போயிற்று. 2024 அக்டோபர் 1 அன்று, முன்பு ஏர்ஏசியா இந்தியா என்றிருந்த நிறுவனம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் கலந்தது. நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவில் கலந்தது. கம்பெனிகள் சட்டத்தின்படி இணைப்புத் திட்டத்தின்மேல் பங்குதாரர்களும் கடன் கொடுத்தவர்களும் கூடி வாக்களிக்கலாம். ஊழியர்கள் கூடி வாக்களிக்கும் கட்டம் அதில் இல்லை. தொழில் தகராறுச் சட்டம் ஒரு பாதுகாப்பு தந்திருந்தது: நிறுவனம் கை மாறும்போது பணி தொடர்ச்சி அறுபடக்கூடாது, நிபந்தனைகள் முன்பைவிடக் குறையக்கூடாது, இல்லையெனில் ஆட்குறைப்புக்குரிய இழப்பீடு. பணிமூப்பை எப்படிப் பின்னுவது என்பது பற்றி அமெரிக்கச் சட்டம் போல ஒரு சொல் இல்லை.

2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் கேபின் பணியாளர்கள் பெருந்திரளாக உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். இணைப்பு வேலைகளின்போது ஊதிய அமைப்பிலும் நடத்தும் விதத்திலும் பாகுபாடு என்பது அவர்கள் குறை. விமானங்கள் அடுத்தடுத்து ரத்தாயின. ஏறத்தாழ 25 பேருக்குப் பணிநீக்கக் கடிதம் வந்தது. மே 9 அன்று தில்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் பேச்சு நடந்து, நீக்கியவர்களைத் திரும்ப எடுக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அந்த இரண்டு மூன்று நாளில் கேரள விமான நிலையங்களில் காத்துக்கிடந்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். வளைகுடாவில் விசா முடியும் முன் வேலையில் சேர வேண்டிய கூலிக்காரர்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள். கேபினுக்குள் இருந்த பெண்ணின் வேலைக்கும் சக்கர நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் வேலைக்கும் நடுவே தேர்வு செய்யச் சொல்வதும் மேலே சொன்ன பட்டியல் விளையாட்டுதான் என்று நினைக்கிறேன். ஆனாலும் தரையில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த விளக்கம் போதாது.

இனி வரும் இணைப்புகளில் கணக்கு இன்னும் கடினமாகும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, ஊழியர்களில் 51 சதவீதத்தினரை உறுப்பினராகக் கொண்ட சங்கமே நிர்வாகத்தோடு பேசும் ஒரே சங்கம். அப்படி ஒன்று இல்லையென்றால், 20 சதவீதமாவது உள்ள சங்கங்கள் சேர்ந்து ஒரு பேச்சுவார்த்தைக் குழு. ஆயிரம் பேர் உள்ள ஒரு நிறுவனத்தில் 600 பேர் ஒரு சங்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாளை சங்கமே இல்லாத, 2,000 பேர் உள்ள இன்னொன்றோடு அது இணைகிறது. ஒருவர்கூடச் சங்கத்தை விட்டு விலகவில்லை. 60 சதவீதம் 20 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரே ஒருத்தி பிரசவத்துக்காக வேலையை விட்டாலும் குழுவில் உட்காரும் தகுதியே கேள்விக்குள்ளாகும். டெல்டாவில் நடந்ததும் இதே கணக்குதான்.

விஸ்தாரா இணைப்பு நெருங்கியபோது ஏர் இந்தியா கேபின் பணியாளர்களுக்குச் சில விதிகளைத் திருத்தியது. அதில் ஒன்று, வெளியூரில் தங்கும்போது பெரும்பாலான பணியாளர்கள் விடுதி அறையை இன்னொருவரோடு பகிர வேண்டும் என்பது. 2024 டிசம்பர் 1 முதல். பொதுவாக எட்டு ஆண்டோ அதற்கு மேலோ பறந்த மூத்தவர்களுக்கும், மிக நீண்ட தூரப் பறப்பில் போகிறவர்களுக்கும் தனியறை. சங்கம் எதிர்த்துத் தொழிலாளர் அமைச்சகத்துக்கு எழுதியது. பெரிய சித்தாந்தம் எதுவும் அந்த எதிர்ப்புக்குத் தேவைப்படவில்லை, தூக்கம் போதும். ஒருத்தி இரவெல்லாம் பறந்துவிட்டு வந்து திரையை இழுத்துவிட்டுப் படுக்கிறாள். மற்றவளுக்கு அதிகாலை மூன்று மணிக்கு அழைப்பு. அவள் விளக்கைப் போடாமல், கைப்பேசி வெளிச்சத்தில் புடவைக்குப் பின் குத்துகிறாள், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தலை வாருகிறாள். படுத்திருப்பவளுக்கு எட்டாவது ஆண்டு முடிய இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது.